புத்தளத்திலிருந்து பைனலுக்கு: கேள்விப்பட்டதும் நடப்பதும்

புத்தளம் கரையோரத்துக்கு உதைபந்தாட்டம் புதிதில்லை. பின்னேரமானால் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் முந்தலிலும் எந்த வெட்டையைப் பார்த்தாலும் பந்து உருளும். உள்ளூர் மெட்ச் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போய்விடலாம். நம்முடைய அணியொன்றோ நாட்டின் அணியோ இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டால்தான் கதை வேறு. பைனல் பெரும்பாலும் கொழும்பில் நடக்கும், சில வேளை யாழ்ப்பாணத்தில். உடனே தேத்தண்ணிக் கடையிலும் மீன்வாடியிலும் ஆளுக்கொரு வழி சொல்லத் தொடங்கிவிடுவார்கள். சொல்பவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சை நம்பிப் போன பிள்ளைகள் முதல் பாதி முடிந்த பிறகு கேட்டடியில் போய் நிற்கிறார்கள். இன்னும் சிலர் ‘அந்த ஊர் நமக்குச் சரிவராது’ என்று புறப்படாமலே இருந்துவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாத ஊருக்குப் போவது நமக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல. அமெரிக்காவில் கல்லூரி அணிகள் பருவத்தின் முடிவில் ஆடும் ‘பவுல்’ ஆட்டங்களுக்கு ரசிகர்கள் தெரியாத ஊருக்குப் போவதே வழக்கம். அவர்களுடைய புட்போல் வேறு விளையாட்டு, கையால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. 1902இல் கலிபோர்னியாவின் பசடீனாவில் நடந்த முதல் ரோஸ் பவுல் ஆட்டத்துக்கு மிச்சிகன் அணி வெகு தூரத்திலிருந்து வந்து ஸ்டான்போர்டை 49-0 என்று வென்றது. பெரும்பாலான பவுல் ஆட்டங்களில், ஆடும் இரண்டு அணிக்கும் அது அடுத்தவர் ஊர்தான். அதனால் எங்கே தங்குவது, எப்படித் திரும்புவது என்பதை ஆட்டத்தைப் போலவே கவனமாக யோசிக்கிறார்கள். நம் பக்கத்தில் அந்த யோசனை இல்லை, கேள்விப்பட்ட கதைதான் வழிகாட்டி.

முதல் கதை தூரத்தைப் பற்றியது. ‘வனாத்தவில்லு, எலுவன்குளம் தாண்டினால் மன்னார், அங்கிருந்து யாழ்ப்பாணம் எட்டிப் பிடிக்கும் தூரம்.’ வரைபடத்தில் அப்படித்தான் தெரியும். ஆனால் எலுவன்குளத்துக்கு அப்பால் அந்தப் பழைய மன்னார் வீதி வில்பத்து தேசிய வனத்துக்குள் போகிறது. அதைத் திறப்பதா மூடுவதா என்று வருடக்கணக்கில் வழக்குகள் நடந்தன. போதாததற்கு மழை பெய்து கலா ஓயா பெருகினால் எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும். மெட்ச் பார்க்கப் போகிறவன் நம்பக்கூடிய பாதை அதுவல்ல. அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று சுற்றித்தான் போக வேண்டும். புத்தளத்திலிருந்து ஏறக்குறைய 270 கிலோமீட்டர் வரும். கொழும்புக்கு அதில் பாதிதான். அதாவது நாம் ‘பக்கம்’ என்று சொல்லும் ஊர் தூரம், ‘தூரம்’ என்று மலைக்கும் கொழும்பு கிட்ட.

ரயிலைப் பற்றிய கதைக்கு நீண்ட பதில் தேவையில்லை. புத்தளம் ரயில் ராகமையில் பிரிந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாக வரும் தனிக் கிளை. அது அனுராதபுரத்தோடு சேர்வதில்லை. ‘புத்தளத்தில் ஏறி யாழ்தேவியில் மாறலாம்’ என்பவர் அந்த லைனில் போய்ப் பார்க்காதவர். யாழ்ப்பாணத்துக்கு ரயிலில்தான் போவேன் என்றால் முதலில் பஸ்ஸில் அனுராதபுரம் போய்ச் சேருங்கள்.

உண்மையில் நமக்கு வாய்த்த வசதி வேறொன்று. அதை நம் ஆட்களே மறந்துவிடுகிறார்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் 87ஆம் இலக்க பஸ் சிலாபம், புத்தளம் ஊடாகத்தான் போகிறது. இரவில் கொழும்பை விட்ட பஸ்கள் நடுநிசிக்கு முன்பின்னாக நம் ஊரைக் கடக்கும், விடியும்போது யாழ்ப்பாணத்தில் இருக்கும். கற்பிட்டிப் பக்கத்தார் பாலாவிச் சந்திக்கு வந்து நின்றால் போதும். ஆனால் கையைக் காட்டினால் நிறுத்தி ஏற்றுவான் என்று நினைத்துப் போகாதீர்கள். பைனல் வார இறுதியில் சீட் கொழும்பிலேயே நிரம்பிவிடும். பாலாவியில் பை முதுகில் தொங்க நாலைந்து பேர் நிற்பார்கள், பஸ் வேகத்தைக் குறைக்கும், கண்டக்டர் வாசலில் தொங்கியபடி ‘சீட் இல்லை, நிண்டு வாறதெண்டா ஏறுங்க’ என்பார். ஆறு மணி நேரம் நின்றுகொண்டு போகிறவன் அடுத்த நாள் வெயிலில் மெட்ச் பார்க்க முடியாது. முன்கூட்டியே சீட் பதிவு செய்யுங்கள். பாதி வழியில் ஏறினாலும் சில பஸ்களில் முழுக் கட்டணம் கேட்பார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, என்னை அதிகம் வருத்தும் கதைக்கு வருகிறேன். ‘யாழ்ப்பாணம் நம்ம புள்ளைகளுக்குச் சரிவராது. சாப்பாடும் கிடைக்காது, தொழவும் இடமிருக்காது.’ இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, அதை யாரும் இலேசாகப் பேசக் கூடாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள், ஏறக்குறைய 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது நம் கரையோரத்துக்குத்தான். கற்பிட்டியிலும் பாலாவியிலும் புத்தளம் நகரைச் சுற்றியும் ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய வாழ்க்கை அது. அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணம் என்றால் வாப்பாவும் உம்மாவும் சொன்ன கதை மட்டுமே. அந்தக் கதையில் ஊர் இனிக்கும், முடிவு சுடும்.

ஆனால் இன்றைய யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருவும் ஐந்து சந்தியும் இருக்கின்றன. பள்ளிவாசல்களில் பாங்கு சொல்கிறார்கள். ஒஸ்மானியாக் கல்லூரியில் பிள்ளைகள் படிக்கிறார்கள். போனவர்களில் ஒரு பகுதியினர்தான் திரும்பினார்கள், அந்தக் குறை இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஹலால் சாப்பாட்டுக்கு ஐந்து சந்திக்குப் போனால் போதும், கொத்துரொட்டிக் கல்லில் தகடு தட்டுகிற சத்தமே வழிகாட்டும். மெட்ச் பார்க்க வந்த பையன் ஒருவனிடம் ‘தம்பி எவடம்?’ என்று கடைக்காரர் கேட்டு, அவன் ‘புத்தளம்’ என்றால், அடுத்த கேள்வி பெரும்பாலும் ‘வாப்பாட பேர் என்ன?’ என்றுதான் வரும். அதைவிட எளிதாக ஒரு புதிய ஊரில் கால் வைக்க முடியாது.

இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் உள்ள உறவு 1990இல் தொடங்கியதும் அல்ல. 1344இல் பயணி இப்னு பதூதா கப்பலில் வந்து இறங்கியது புத்தளத்தில். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. பாவாத மலைக்கு (சிவனொளிபாத மலை) போக வேண்டும் என்று பதூதா கேட்டபோது, பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பினார். காலடி மண்ணும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தின் அடியில் இருக்கிற சுண்ணாம்புக் கல் மன்னார் வழியாக இறங்கி நம் அருவாக்காடு வரை வருகிறது, புத்தளம் சீமெந்துக்கு வெட்டுவதும் அதே கல்தான். பனையும் உவர்க்காற்றும் கருவாட்டு வாசமும் அங்கும் இங்கும் ஒன்று. வேற்று ஊர் என்று பயப்பட அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

அந்தப் பயத்துக்கு நேர் எதிரான கதையும் ஒன்று உண்டு. ‘வாப்பா சொன்ன வழி போதும், போனே தேவையில்லை.’ வாப்பாவின் தலைக்குள் இருப்பது 1990க்கு முந்திய நகரம். கோட்டையும் நூலகமும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, மெட்ச் நடக்கும் துரையப்பா விளையாட்டரங்கும் அவற்றுக்குப் பக்கத்திலேயே, பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில். ஆனால் கடைகள் மாறிவிட்டன, லொட்ஜ்கள் புதிது, ஒருவழிப் பாதைகள் புதிது. அவரைக் கேளுங்கள், பிறகு போனையும் பாருங்கள். முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். தங்குகிற இடத்தில் அடையாள அட்டை கேட்பார்கள். குழுவாகப் போகும்போது ஒருவருடைய அட்டை போதும் என்று நினைத்து மற்றவர்கள் வீட்டில் வைத்துவிட்டு வருவது அடிக்கடி நடக்கிறது, எல்லோரும் கொண்டு போங்கள்.

கொழும்பைப் பற்றிய பயம் பாஷையைப் பற்றியது. ‘சிங்களம் சரளமாக வராவிட்டால் திண்டாட்டம்.’ சிங்களம் தெரிந்தால் நல்லதுதான், புத்தளத்தில் வளர்ந்தவர்களில் பலருக்கு அது வரும். ஆனால் சுகததாச விளையாட்டரங்கைச் சுற்றி இருப்பது கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், ஆமர் வீதி. அங்கே தமிழிலேயே வழி கேட்டு, சாப்பிட்டு, ஓட்டோ பிடித்துத் திரும்பலாம். (சுகததாச கொழும்பின் மேயராக இருந்தவர், துரையப்பா யாழ்ப்பாணத்தின் மேயர். நாம் மெட்ச் பார்க்கப் போகும் இரண்டு மைதானத்துக்கும் மேயர்மாரின் பெயர் என்பது எனக்குப் பிடித்த ஒரு பொருத்தம்.) கொழும்பில் மெட்ச் நடக்கும் இன்னொரு இடமான ரேஸ்கோர்ஸ் மைதானம் கறுவாத்தோட்டத்தில் இருக்கிறது. குதிரைப் பந்தயத்துக்குக் கட்டிய இடம், இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் இறங்கின. அந்தச் சுற்றுவட்டாரத்தில் மலிவான சாப்பாட்டுக் கடை தேடி அலைய வேண்டியிருக்கும், புறக்கோட்டையிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது புத்தி. ஓட்டோவில் ஏறுமுன் மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பிக்மீயில் அழையுங்கள்.

புறப்படும் நாளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ‘சனி, ஞாயிறு என்றால் ரோடு வெறிச்சென்று கிடக்கும்.’ நாட்காட்டியைப் பார்க்காமல் சொல்கிற பேச்சு. ஜூனில் பொசன் போயா வந்தால் நாடு முழுவதும் அனுராதபுரத்துக்கும் மிகிந்தலைக்கும் திரளும், யாழ்ப்பாணம் போகும் நம் பாதை அதன் நடுவால் போகிறது. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா என்றால் மதவாச்சிப் பக்கம் நெரிசல். தலவில புனித அன்னம்மாள் திருவிழா மார்ச்சிலும் ஓகஸ்ட்டிலும் வரும்போது பாலாவி–கற்பிட்டி வீதி நிறைந்துவிடும். அந்த நாளில் கற்பிட்டியிலிருந்து புறப்படுகிறவர் வழக்கத்தைவிட வெகு நேரம் முந்த வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த திகதியை நம்பியும் காசு கட்டாதீர்கள். 2023 ஜனவரியில் ஃபிபா இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்ட்டில்தான் தடையை நீக்கியது. இப்படி ஒரு முடிவு வந்தால் அறிவித்த போட்டிகளே காணாமல் போகும். போட்டி நடத்துகிறவர்களின் அறிவிப்பு வந்த பிறகு வேன் பேசுங்கள்.

‘மெட்ச் தொண்ணூறு நிமிடம், ஆறு மணிக்கு முடியும், ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம்.’ லீக் ஆட்டத்துக்குச் சரி, பைனலுக்குச் சரிவராது. 1995இல் சுகததாச அரங்கில் இந்தியாவை 1-0 என்று வென்று இலங்கை தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தது, அந்தக் கோல் விழுந்தது கூடுதல் நேரத்தில். 2021 நவம்பரில் ரேஸ்கோர்ஸில் சீஷெல்ஸோடு ஆடிய பைனலில் பெனால்டி வரை போய்த் தோற்றோம். இரண்டு நாளிலும் ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடியவர் முக்கியமானதைப் பார்த்திருக்க மாட்டார்.

‘கேட்டைத் தள்ளினால் திறந்துவிடும், எல்லோரும் உள்ளே போய்விடலாம்’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களிடம் நான் சிரிப்பதில்லை. 1980 ஓகஸ்ட் 16 கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் ரசிகர்களுக்குள் மூண்ட கலவரத்தின் நெரிசலில் 16 பேர் செத்தார்கள். 2022இல் இந்தோனேசியாவின் கஞ்சுருஹானில் கண்ணீர்ப்புகைக்குப் பயந்து வெளியே ஓடிய கூட்டம் வாசல்களில் நசுங்கி 135 உயிர் போனது. 2025 ஜூனில் பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே, வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்த 11 பேர் இறந்தார்கள், அங்கே மெட்ச்சே நடக்கவில்லை. நேரத்தோடு போய் உட்காருங்கள். உட்கார்ந்ததும் வெளியே போகும் வழி இரண்டைப் பார்த்து வையுங்கள். சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போனால் அதன் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதிப் போடுங்கள். முடிந்ததும் முண்டியடிக்காமல் பத்து நிமிடம் இருந்த இடத்திலேயே இருங்கள்.

கடைசியாக வேன். ‘பதினாலு பேர் சேர்ந்தால் ஹயர் மலிவு, இரவோடு இரவாக வந்துவிடலாம்.’ மலிவு என்பது உண்மை. இரவோடு இரவாக என்பதில்தான் ஆபத்து. விடியற்காலையில் புறப்பட்ட டிரைவரும் உங்களோடு மெட்ச் பார்த்திருப்பார், உங்களைப் போலவே கத்தியிருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது அவருக்குத் தூக்கம் வருவது அனுராதபுரம் தாண்டிய பிறகு, நொச்சியாகமைக்கும் கருவலகஸ்வெவைக்கும் நடுவில். அந்த வீதியில் இரவில் யானை இறங்கும். விளக்கு இல்லாத வளைவில் சாம்பல் நிற உடம்பு லைட் வெளிச்சத்தில் தெரிவது மிகக் கிட்ட வந்த பிறகுதான். பின்சீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். வேன் பேசும்போதே ஒரு இரவுக்கு டிரைவருக்கும் சேர்த்துத் தங்குமிடம் என்று கணக்குப் போடுங்கள். ஆளுக்குக் கொஞ்சம் காசுதான் கூட வரும். காலையில் ஐந்து சந்தியில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்பட்டால், லுஹருக்குக் கொஞ்சம் முன்பின்னாகப் பாலாவியில் இறங்கலாம்.