ஃபிளாஷ் முழுவதையும் ஏன் அழிக்கிறீர்கள்?

“ரூட்டர் மக்கர் பண்ணுதா? ஃபிளாஷை முழுசா அழிச்சிட்டு ஃபர்ம்வேரைத் திரும்ப ஏத்து, புதுசு மாதிரி ஆயிடும்.” எம்பெடட் லினக்ஸ் பழகும் இளைஞர்களுக்கு இந்த அறிவுரை ஓயாமல் கிடைக்கிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்லும் அறிவுரை இது.

ஃபிளாஷ் சில்லுக்குள் இருப்பது ஃபர்ம்வேர் மட்டுமல்ல. ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் சாதாரண ரூட்டரையே பாருங்கள். முதலில் பூட்லோடர். அடுத்து கர்னலும், எழுத முடியாத ஸ்குவாஷ்எஃப்எஸ் அடுக்கும். அதன்மேல் உங்கள் அமைப்புகளும் நீங்கள் நிறுவிய மென்பொருள்களும் உட்காரும் மேலடுக்கு. இவை தவிர, ஏதெராஸ் சில்லுள்ள ரூட்டர்களில் ‘ஆர்ட்’ என்றொரு பகுதி உண்டு. பெரும்பாலும் வெறும் 64 கிலோபைட். அந்த ஒரு ரூட்டரின் வைஃபை ரேடியோவைத் தொழிற்சாலையில் அளந்து பதித்த அளவீடுகள் அதில்தான் இருக்கின்றன. பல மாடல்களில் மேக் முகவரியும் அங்கேயே. எந்த ஃபர்ம்வேர் கோப்பிலும் இது கிடையாது. அழித்துவிட்டால் இணையத்தில் தேடிப் பயனில்லை. நண்பரின் ரூட்டரிலிருந்து நகலெடுத்துப் போட்டால் வருவது அவருடைய ரேடியோவின் அளவீடு, அவருடைய மேக் முகவரி.

ஓப்பன்டபிள்யூஆர்டி பெரும்பாலான மாடல்களில் பூட்லோடரையும் ஆர்ட் பகுதியையும் எழுத முடியாதபடி பூட்டித்தான் வைக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்க ஒரு கர்னல் மாட்யூலைத் தேடிப்பிடித்து ஏற்றிவிட்டு அழிக்கிறார்கள்! கெட்டுப்போனது மேலடுக்கு மட்டும் என்றால் ‘ஃபர்ஸ்ட்பூட்’ கட்டளை போதும். அது மேலடுக்கைத் தவிர வேறெதையும் தொடாது. அடுத்து ஒரு ரீபூட், அவ்வளவுதான்.

நாண்ட் ஃபிளாஷ் உள்ள பலகைகளில் சேதம் இன்னும் ஆழமாகப் போகும். ‘டிடி’ கொண்டு பூஜ்யங்களை நிரப்பினால் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். அழிந்த ஃபிளாஷில் எல்லா பிட்களும் 1 ஆக இருக்கும். பூஜ்யம் நிரப்பினால் அது எழுதிய ஃபிளாஷ். யுபூட் பூட்லோடரில் ‘நாண்ட் ஸ்கிரப்’ கொடுப்பவர்கள், கெட்ட பிளாக்குகள் எவை என்று தொழிற்சாலை இட்ட குறிகளையும் சேர்த்து அழிக்கிறார்கள். யுபூட் எச்சரித்தும் கேட்பதில்லை.

2007-இல் கர்னலில் சேர்ந்த, ஃபிளாஷை நிர்வகிக்கும் அடுக்கான யுபிஐ (UBI), ஒவ்வொரு பிளாக்கும் எத்தனை முறை அழிக்கப்பட்டது என்ற கணக்கை அந்தந்த பிளாக்கிலேயே எழுதி வைக்கிறது. தேய்மானத்தைப் பரவலாக்குவது இந்தக் கணக்கை வைத்துத்தான். கண்மூடித்தனமாக அழித்தால் கணக்கும் போகும். யுபிஐ பகுதி முழுவதையும் புதுப்பித்தே ஆக வேண்டுமென்றால் ‘யுபிஐஃபார்மட்’ கணக்கைக் காப்பாற்றும். ஒரு வால்யூம் மட்டும் போதுமென்றால், அதை அன்மவுன்ட் செய்துவிட்டு ‘யுபிஐஅப்டேட்வால்’ கட்டளையை ‘-t’ விருப்பத்துடன் கொடுங்கள், வால்யூம் காலியாகும். அடுத்த மவுன்ட்டில் யுபிஐ மேல் ஓடும் கோப்பு முறைமையான யுபிஐஎஃப்எஸ் தானே ஃபார்மட் செய்துகொள்ளும்.

ரீசெட் செய்தால் கம்பெனியின் பழைய ஃபர்ம்வேர் திரும்பும் என்பதும் பொய். கடைசியாக ஏற்றிய இமேஜின் தொடக்க நிலைதான் திரும்பும். ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில் உள்ள மென்பொருளை நீக்கினால் இடம் மிச்சமாகாது. கோப்பு அங்கேயே கிடக்கும், நீக்கியதற்கான குறிப்பு மேலடுக்கில் இடம் பிடிக்கும்.

புது ரூட்டர் வாங்கினால், வேறெதையும் தொடும் முன் பகுதிப் பட்டியலைப் பார்த்து ஆர்ட் பகுதியை நகலெடுங்கள். மீடியாடெக் சாதனங்களில் அதன் பெயர் பெரும்பாலும் ‘ஃபேக்டரி’. நகலை அந்த ரூட்டரிலேயே விட்டுவிடாமல், மேக் முகவரியைக் கோப்பின் பெயராக வைத்து உங்கள் கணினியில் சேமியுங்கள்.