பெயர் வேண்டி நின்ற பெற்றோர்

நாகமலைப் புதுக்கோட்டையில் எம் இல்லத்திற்கு மூன்றாம் வீட்டில் எம்மோடொத்த அகவையினனாகிய இளைஞன் ஒருவன் வாழ்கின்றான். மாலைதோறும் தன் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு தேனிச் சாலையோரத்தே நின்று, உசிலம்பட்டிக்கும் தேனிக்கும் செல்லும் பேருந்துகளை நோக்கியிருப்பான். வண்டியின் எண்ணைக் கண்ட அளவில், அவ்வண்டி முன்னர் எந்நாளில் அவ்வழியே சென்றதென்று கூற வல்லான். ஆயின், அவன் பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பான். தொடக்கப் பள்ளியில் ஓராண்டு எம்மோடு பயின்றான். மணியோசை கேட்கும்போதெல்லாம் செவிகளைப் பொத்திக்கொண்டு அழுவான். சிறுவராகிய யாம் அது கண்டு நகைத்தோம் என்பதை ஈண்டு மறைத்தல் தகாது.

அவனுக்குள்ள நிலையை மருத்துவர் ஆட்டிசம் என்பர். மூளையின் வளர்ச்சி தொடக்கத்திலேயே வேறு வகையாக அமைதலால் பேச்சும், பிறரோடு உறவாடலும், ஒலி ஒளி முதலியவற்றை ஏற்கும் திறனும் மாறுபடுதலே அது. குருதிச் சோதனையாலோ நிழற்படத்தாலோ அதனைத் துணிய இயலாது. குழந்தையின் நடத்தையை நெடுநேரம் உற்று நோக்கியும், பெற்றோரை வினவியுமே துணிதல் வேண்டும். அவ்வாறு வினவும் மருத்துவர் வாய்க்கும்வரை, தாய் கண்டதெல்லாம் தாயின் வீண் அச்சமெனவே ஒதுக்கப்படும்.

இந்நிலையைத் தனியாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்த லியோ கன்னர் என்பார். 1943ஆம் ஆண்டில் அவர் 11 குழந்தைகளின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். இது பிறவியிலேயே அமைந்ததென அக்கட்டுரையிற் குறித்தவர், அப்பெற்றோரிற் பலர் உள்ளக் கனிவு குறைந்தோர் என்றும் உடன் எழுதிவிட்டார். பின்வந்தோர் முன்னதை விடுத்துப் பின்னதைப் பற்றிக்கொண்டனர். தாயின் நெஞ்சு குளிர்ந்து உறைந்தமையாற் குழந்தை பேசாதாயிற்று என்னும் கொள்கை இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்றோரிடையே உலவியது. இக்கொடுமை மேலை நாட்டிற்கே உரியதென எண்ண வேண்டா. கருவுற்ற காலத்தில் தாய் அழுதாள், பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சாது வேலைக்குச் சென்றாள் என்னும் பேச்சுகளை எம் தெருவிலேயே கேட்டிருக்கின்றோம்.

இக்கொள்கையை முறிக்க முன்னின்றோருட் பலர் பெற்றோரே. பெர்னார்டு ரிம்லாண்டு என்பவர் அமெரிக்கக் கடற்படையில் உளநூல் வல்லுநர். தம் மகனுக்கு நேர்ந்ததை அறிய வேண்டித் தாமே நூல்களைத் தேடிக் கற்று, இது உடலைச் சார்ந்ததேயன்றித் தாயின் குற்றமன்று என 1964ஆம் ஆண்டில் ஒரு நூல் இயற்றினார். அதற்கு முன்னுரை வழங்கியவர் அக்கன்னரே என்பது வியப்பிற்குரியது. இங்கிலாந்தில் 1962இலேயே பெற்றோர் சங்கம் அமைத்தனர். அதனை நிறுவியவருள் ஒருவரான லோர்னா விங் மருத்துவர், அத்தகைய மகளுக்குத் தாயுமாவர். 1969இல் கன்னர் பெற்றோர் கூட்டத்தின் முன்னே நின்று, அவர்கள்மீது குற்றமில்லையென்று வெளிப்படக் கூறினார். 1977இல் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தோர், ஒரே கருவினின்று பிரிந்த 11 இணைகளுள் 4இல் இருவருக்கும் இந்நிலை உண்டென்றும், வேறு கருவினராகிய 10 இணைகளில் ஒன்றிலேனும் அவ்வாறில்லையென்றும் கண்டனர். 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் ஆட்டிசம் தனி இடம் பெற்றது.

நம் நாட்டிற்கு வருவோம். தில்லியில் மெரி பருவா என்னும் அன்னையார் 1991இல் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' என்னும் சங்கத்தைத் தொடங்கினார். பெற்றோர் இங்ஙனம் முயன்றுகொண்டிருக்கவும், 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு குறைகளை எண்ணி, ஆட்டிசத்தை எண்ணாது விடுத்தது. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைப் பெயர் சொல்லி ஏற்றது. எனினும் அது பெரும்பாலும் காப்பாளரையும் பராமரிப்பையும் பற்றியது. கல்விக்கும் வேலைக்கும் உரிய சலுகைகள் 1995இன் பட்டியலையே பற்றி நின்றன. 2009இல் இந்நாட்டுக் குழந்தைகளுக்கென 40 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்று வெளிவந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்று, அவற்றுள் ஆட்டிசத்தையும் வைத்தது. 2017 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஆண்டுகளை இங்ஙனம் அடுக்குதல் எளிது. அவற்றினிடையே ஒரு குடும்பம் எங்ஙனம் வாழ்ந்தது என்பதை அவ்விளைஞனின் தாயார் எமக்கு உரைத்தார். யாம் அவரை அத்தை என்றே அழைப்போம். மூன்றாம் வயதில் மகனுக்குச் செவி கேளாதோ என ஐயுற்று மருத்துவரிடம் கொண்டு சென்றாராம், செவி நன்றாயிருந்தது. மற்றொருவர், ஆண் பிள்ளை பேசத் தாழ்க்கும், பொறுத்திரும் என்றார். 2013இல் சான்றிதழ் வேண்டியபோது, பட்டியலில் வேறு இடமின்மையால், மனவளர்ச்சி குன்றியவன் என எழுதிக் கொடுத்தனர். பேருந்தின் எண்களையெல்லாம் நினைவில் வைத்த பிள்ளைக்கு அத்தாள் பொருந்தவில்லையென்று அறிந்தும், பேருந்துச் சலுகைக்காகவும் உதவித்தொகைக்காகவும் அதனையே மடித்து வைத்துக்கொண்டனர். 2018இல் மீண்டும் சென்று ஆட்டிசம் என்னும் பெயரோடு வேறு சான்றிதழ் பெற்றனர். “அதனால் நோய் தீர்ந்ததா, மருந்து கிடைத்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள், தம்பி. பெயரில்லாத காலமெல்லாம் பழி என் பெயரில் இருந்தது, அது இறங்கிற்று” என்றார்.

தமிழ் பயிலும் யாம் இவ்விடத்துச் சிறிது நிற்றல் வேண்டும். புறநானூற்றின் 28ஆம் பாட்டில் முதுகண்ணன் சாத்தனார் பிறவிக் குறைகள் எட்டனை எண்ணுகின்றார். அவற்றுள் ஈற்றில் நிற்பது மருள். அறிவு மயக்கம் என்னும் அவ்வொரு சொல்லினுள் நம் முன்னோர் பலவற்றை அடக்கினர் போலும். இந்நாளில் நம் அரசினர் ஆட்டிசத்தைப் ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’ என்கின்றனர். இச்சொல்லை யாம் ஏற்க மாட்டேம். அவனுக்குப் புற உலகம் இல்லையென்றால், தேனிச் சாலையில் அவன் காண்பது எவ்வுலகம்? ஆட்டிசம் என்னும் சொல்லோ, ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. அதற்கு நேராகத் தாயர் நாவிற்கு எளிதாய், பிள்ளையைத் தாழ்த்தாததாய் ஒரு சொல் இனித்தான் பிறத்தல் வேண்டும். அதுவரை ஆட்டிசம் என்றே சொல்லுதல் நன்று.

அவனுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டது. அவ்வயதின் மேற்பட்டோர்க்குப் பெற்றோர் தாமே சட்டப்படி காப்பாளராகார்; 1999இன் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் அமரும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்தல் வேண்டும். அவ்விண்ணப்பத்தைத் தமிழில் எழுதித் தரும்படி சென்ற கிழமை அத்தை எம்மிடம் கேட்டார். தமக்குப் பின் காப்பாளர் யார் என்பதைப் பற்றி யாம் வினவியபோது, விடை கூறாது, நெடுநேரம் வாயிற்புறமே நோக்கியிருந்தார். வெளியே அவன் உசிலம்பட்டி வண்டியின் எண்ணை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான்.