தொடங்க மறுக்கும் கணினி

நாடி பாராது மருந்தளிக்கும் வைத்தியனை நாம் நம்புவதில்லை. ஆயினும் நம் கணினி தொடங்க மறுக்குங்கால், காரணத்தை ஆராயாமலே வட்டு முழுவதையும் அழித்து, இயக்குதளத்தைப் புதிதாய் நிறுவ முற்படுகின்றோம். ஈராண்டு உழைத்தெழுதிய ஆய்வேடு அவ்வட்டிலன்றோ இருக்கின்றது!

கணினி விழித்தெழுவது படிப்படியாக நிகழ்வதாகும். முதலில் மின்சாரம் பாய்கின்றது. அடுத்து, தாய்ப்பலகையிலுள்ள பயாஸ் என்னும் நிரல் நினைவகம் முதலிய உறுப்புக்களைச் சோதிக்கின்றது. பின்னர் அது வட்டைத் தேடி, இயக்குதளம் நினைவகத்தில் ஏறுமாறு செய்கின்றது. ஆதலின், எந்தப் படியில் தடை நேர்ந்ததென அறிதலே நம் முதற்கடமையாம்.

விளக்கும் எரியாது விசிறியும் சுழலாதாயின், மின்கம்பியையும் செருகியையும் மின்வழங்கியையும் நோக்குதல் வேண்டும். விசிறி சுழன்றும் திரை இருண்டு, 'பீப்' ஒலி பன்முறை எழுமாயின், மின் இணைப்பை நீக்கியபின் நினைவகத் தகட்டைக் கழற்றித் திரும்பப் பொருத்துவோமாக. துவக்க வட்டு இல்லை என்னும் செய்தி தோன்றின், செருகி மறந்த பென் டிரைவை முதலில் அகற்றிப் பார்ப்போம். கடிகாரமும் பிழைபட்டிருப்பின், தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் பொத்தான் மின்கலம் தீர்ந்திருத்தல் கூடும். அதனால் பயாஸ் தன் அமைப்புக்களை மறந்திருக்கலாம். இயக்குதளத்தின் சின்னம் தோன்றியபின் தடை நேரின், 'சேஃப் மோட்' என்னும் குறைந்த உறுப்புக்களோடு தொடங்கும் முறையை நாடுவோம்.

இவை யாவும் பயனிலவாயினும் அழித்தலுக்கு விரைதல் தகாது. லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவினால் கணினியைத் தொடங்கி, கோப்புக்களைப் பிறிதோரிடத்தில் படியெடுத்தல் பெரும்பாலும் இயலும். வட்டிலிருந்து 'டிக் டிக்' என்னும் ஒலி எழுமாயின், உடனே அணைத்து வல்லுநரிடம் ஒப்படைத்தல் நலம். இயந்திரம் விலைக்குக் கிடைக்கும்; நம் உழைப்போ கிடைக்காது. அதனை முதலில் காப்போமாக.