பெரிய படம், சிறிய சதுரங்கள்

சுவரில் ஒட்டப்படும் மிகப் பெரிய விளம்பரப் படங்களைக் கவனித்திருப்பீர்கள். ஒரே தாளில் அச்சிட முடியாததால் பல தாள்களில் அச்சிட்டு, ஓரத்தோடு ஓரம் பொருந்த ஒட்டுகிறார்கள். கணிப்பொறியிலும் படங்களை இப்படித் துண்டாக்க வேண்டியிருக்கிறது. ஏன்?

10,000 படப்புள்ளி அகலமும் 8,000 படப்புள்ளி உயரமும் உள்ள ஒரு நிலப்படத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 8 கோடிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களைக் குறிக்க 3 பைட்டு தேவை என்றால், முழுப் படத்துக்கும் 24 கோடி பைட்டு! திரையிலோ 1,920-க்கு 1,080 புள்ளிகளே தெரியும். பார்ப்பது ஒரு மூலை, சுமப்பது முழுப் படம். இது வீண் அல்லவா? எனவே படத்தை 256 புள்ளிப் பக்கமுள்ள சதுரங்களாக வெட்டிவைத்து, வேண்டியவற்றை மட்டும் வரவழைக்கிறார்கள். எப்படி நகர்த்தினாலும் அந்தத் திரைக்கு ஒரே நேரத்தில் 54 சதுரங்களுக்கு மேல் தேவைப்படாது.

வெட்டுவதற்கு 'இமேஜ்மேஜிக்' என்ற இலவச மென்பொருள் உண்டு. 1987-இல் ஜான் கிறிஸ்டி என்பவர் டூபான்ட் நிறுவனத்தில் பணியாற்றியபோது உருவாக்கியது. கட்டளையை ஒரே வரியில் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். முதலில் 'மேஜிக்' என்ற சொல். அடுத்துப் படத்தின் கோப்புப் பெயர். பிறகு கழித்தல் குறியுடன் 'கிராப்', அதாவது 'வெட்டு'. அதன்பின் 256, எக்ஸ் எழுத்து, 256 ஆகியவை இடைவெளியின்றி. அடுத்துக் கூட்டல் குறியுடன் 'ரீபேஜ்'. கடைசியில் துண்டுகளுக்கான பெயர். வெட்டிய துண்டு, பெரிய படத்தில் தான் இருந்த இடத்தையும் குறித்து வைத்திருக்கும். அக்குறிப்பை நீக்குவதே 'ரீபேஜ்'.

எத்தனை துண்டுகள் கிடைக்கும்? 10,000-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 39, மீதி 16. ஆகவே 39 முழுத் துண்டுகளும், 16 புள்ளி அகலத்தில் நாடா போன்ற ஒரு துண்டும். ஆக 40 நிரல்கள். இவ்வாறே 32 வரிசைகள் (கடைசி வரிசையின் உயரம் 64 புள்ளிதான்). மொத்தம் 1,280 துண்டுகள்.

வெட்டுவது எளிது, பெயரிடுவதில்தான் கவனம் வேண்டும். துண்டுகள் மேல் வரிசையின் இடப்பக்கத்திலிருந்து 0, 1, 2 என எண் பெறுகின்றன. பல நிரல்கள் கோப்புப் பெயர்களை அகராதி முறையில் அடுக்குவதால், 2-க்கு முன்பே 10, 100, 1000 எல்லாம் வந்து நிற்கும். அவ்வரிசைப்படி ஒட்டினால் ஆறு மலைமேல் ஓடும்! இதைத் தவிர்க்க, துண்டின் பெயரில் விழுக்காட்டுக் குறி, 04, டி எழுத்து ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். 0002, 0010 என எல்லா எண்களும் நான்கு இலக்கமாகிவிடும்.

500 என்ற எண்ணுள்ள துண்டு எங்கே இருந்தது? 40-ஆல் வகுங்கள். ஈவு 12, மீதி 20. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 12-ஆம் வரிசை, 20-ஆம் நிரல். அப்படியானால், 1279 என்ற எண்ணுள்ள துண்டின் இடம் எது, அதன் அகலமும் உயரமும் எவ்வளவு? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.