கண்ணிமைப் பாலுண்ணி: அறிதலும் அகற்றலும்

தறியில் அமர்வோர்க்கும் தோட்டத்தில் உழைப்போர்க்கும் கண்ணே முதற்கருவி. அறுந்த இழையைக் காண்பதும், பூண்டுப் பாத்தியில் களையைப் பிரித்தறிவதும் அதனாலேயே ஆகும். அக்கண்ணைக் காக்கும் இமையில் சிறு சதை தொங்கினால் யாது செய்தல் வேண்டும், யாது செய்தல் ஆகாது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

பாலுண்ணி என்பது யாது?

தோலினின்று சிறு காம்பின்மேல் மென்மையாகத் தொங்கும் சதையே பாலுண்ணி. மரு என்றும் இதனை வழங்குவர். பெரும்பாலும் அரிசி அளவினதாகவோ அதனினும் சிறியதாகவோ இருக்கும். உள்ளே தளர்ந்த நார்ப்பொருளும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் உள்ளன. இது வலிப்பதில்லை, பிறர்க்குத் தொற்றுவதில்லை, புற்றாக மாறுவது மிக அரிது. தோலோடு தோல் உராயும் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, இமை ஆகிய இடங்களில் தோன்றும். நடுவயதுக்குப் பின்னரும், உடல் பருத்தோரிடத்தும், கருவுற்ற மகளிரிடத்தும் மிகுதியாகக் காணலாம்.

பாலுண்ணிகள் பலவாகத் தோன்றுமாயின் சர்க்கரையைச் சோதித்தல் நன்று. உடல் இன்சுலினுக்குச் செவ்வனே இணங்காதபோது கணையம் அதனை மேலும் மிகுதியாகச் சுரக்கும்; மிகுந்த இன்சுலின் தோலின் உயிரணுக்களை வளரத் தூண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடைபெற்று 2023இல் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டோர் என மதிப்பிட்டது. கவனியாத நீரிழிவு விழித்திரையைக் கெடுக்கும். ஆகவே இமைமேல் உள்ள சிறு சதை, கண்ணுக்குள் வரவிருக்கும் பெருங்கேட்டை முன்னறிவிக்கவும் கூடும்.

பாலுண்ணி போலத் தோன்றுவன

இமையில் எழுவன எல்லாம் பாலுண்ணி அல்ல. கண்கட்டி இமை விளிம்பில் வீங்கி வலிக்கும். மூக்கை அடுத்த ஓரத்தில் மஞ்சளாகப் படிவது கொழுப்பு. அதற்கு இரத்தக் கொழுப்பைச் சோதித்தல் வேண்டும். சொரசொரப்பான மரு வைரஸால் வருவது; அது தொற்றும். இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தோன்றும் புற்றோ, கண்கட்டி போலவே நடித்து ஏமாற்றும். மேலை நாடுகளைவிட நம் நாட்டில் இது மிகுதி. விரைந்து வளர்தல், இரத்தம் கசிதல், ஆறாப் புண், இமைமயிர் உதிர்தல், அகற்றிய இடத்திலேயே மீண்டும் எழுதல் ஆகிய ஐந்தில் ஒன்று காணினும் காலம் தாழ்த்தலாகாது.

மலைவாழ் உறுப்பினர்க்கு ஒரு சொல். கொடைக்கானல் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்திற்கும் வெயிலின் புறஊதாக் கதிர் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து மிகும். குளிர்காற்றினால் அதன் கடுமை நமக்குப் புலப்படுவதில்லை. அக்கதிர் பாலுண்ணிக்குக் காரணம் அன்று. ஆயினும் கண்ணில் சதை வளர்தல், தோற்புற்று, கண்புரை ஆகியவற்றிற்குத் துணைபோகும். எனவே வெயிலில் உழைப்போர் அகன்ற விளிம்புள்ள தொப்பி அணிதல் நலம்.

செய்யத்தகாதவை

நூலோ குதிரைமயிரோ கட்டிச் சதையை விழச்செய்யும் பழக்கம் நம்மிடையே உண்டு. இமைத் தோல் மிக மெல்லியது; கட்டிய இடம் சீழ்பிடித்தால் வீக்கம் கண் முழுதும் பரவும். சுண்ணாம்பும் சோடா உப்பும் காரப் பொருள்கள். கண்ணில் பட்டால் உள்ளே ஊடுருவிச் செல்லும். வேலியில் நிற்கும் கள்ளியின் பாலும், தரிசில் வளரும் எருக்கின் பாலும் இவற்றிற்குச் சளைத்தவை அல்ல. எருக்கம்பால் பட்டால் வலி பெரிதாக இராது. அதனால் பலர் வாளாவிருப்பர். அதற்குள் கருவிழியின் உட்படை கெட்டுப் பார்வை மங்கும். அழிந்த உட்படை அணுக்கள் மீண்டும் பிறப்பதில்லை.

தபாலில் வரும் மரு நீக்கும் மருந்துகளையும் நம்பலாகாது. பாலுண்ணியை வீட்டிலேயே நீக்கும் மருந்து எதற்கும் ஒப்புதல் அளித்ததில்லை என்று அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்துள்ளது.

இவற்றுள் எதுவேனும் கண்ணில் பட்டுவிட்டால், உடனே தூய நீரை இடையறாது ஊற்றி அரைமணி நேரம் கழுவுக. சுண்ணாம்புத் துகள் இருப்பின் ஈரத்துணியால் நீக்குக. பின்னர்க் கண் மருத்துவரிடம் விரைக.

மருத்துவர் அகற்றும் முறை

தொல்லை தராத பாலுண்ணியை அகற்ற வேண்டுவதில்லை. உறுத்தினாலோ, பார்வையை மறைத்தாலோ, ஐயம் எழுந்தாலோ அகற்றலாம். மருத்துவர் அவ்விடத்தை மரத்துப்போகச் செய்து, இடுக்கியால் பற்றி, நுண்ணிய கத்தரியால் காம்போடு வெட்டுவார். அல்லது மின்சூட்டால் சுட்டெடுப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அன்றே இல்லம் திரும்பலாம். கடுங்குளிர் நைட்ரசனால் உறையவைக்கும் முறையும் உண்டு. அது நம் கருநிறத் தோலில் வெள்ளைத் தழும்பை விடக்கூடும். ஐயமுள்ள சதையைச் சோதனைச் சாலைக்கு அனுப்பச் சொல்லுதல் நம் உரிமை. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் நீரிழிவுடையோரும் அதனை முன்னரே தெரிவித்தல் வேண்டும். புண் ஆறும்வரை பஞ்சுத்தூசு பறக்கும் இடத்திலும் பூச்சிமருந்து தெளிக்கும் வயலிலும் நில்லாதிருத்தல் நன்று.

கொடைக்கானலிலும் பழனியிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. முதலில் அங்குக் காட்டலாம். மேற்சிகிச்சைக்கு மதுரை உண்டு. அங்கு டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், பணம் தருவோரின் கட்டணம் தர இயலாதாரின் சிகிச்சையைத் தாங்குகிறது. ஒருவர்க்கொருவர் துணை என்னும் நம் கூட்டுறவு நெறியும் அதுவேயன்றோ! நம் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனை முகாமுக்கு ஏற்பாடு செய்யுமாயின், தனியொருவர் மலையிறங்கும் செலவு பலர்க்கும் மிச்சமாகும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. பல பாலுண்ணிகள் தோன்றினால் சர்க்கரையைச் சோதிப்பது ஏன்?
2. காலம் தாழ்த்தலாகாத ஐந்து அறிகுறிகள் யாவை?
3. எருக்கம்பால் கண்ணில் பட்டு வலி இல்லையெனினும் அஞ்ச வேண்டுவது ஏன்?
4. நம் ஊரில் இமைப் பாலுண்ணிக்குக் கையாளும் வழக்கங்களுள் எவற்றை இன்றே கைவிடல் வேண்டும்?