மின்தடையும் வீட்டுப் பாட்டரியும்: வாங்குமுன் போடவேண்டிய கணக்கு

திருவொற்றியூரில் காலடிப்பேட்டை என்றொரு பகுதி உண்டு. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றி அமைத்த பேட்டை அது. காலெட்பேட்டை என்ற பெயரே மக்கள் நாவில் காலடிப்பேட்டை என்று திரிந்தது. அக்காலத்துத் தறி பகலவன் வெளிச்சத்தில் ஓடியது. அந்தி சாய்ந்ததும் நின்றது. இன்று அதே பகுதியில் இரவு பதினொரு மணிக்கு மின்சாரம் நின்றால், குழந்தை புழுக்கம் தாளாமல் அழுகிறது. தையல் யந்திரம் நிற்கிறது. நோயாளியின் கருவி நிற்கிறது. மின்சாரத்தை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்ட பின்னர், அது இல்லாத மணிகளுக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வி ஒவ்வொரு குடும்பத்தின் முன்னும் நிற்கிறது.

விளக்கின் அடியில் இருள் என்பார்கள். எண்ணூரில் 450 மெகாவாட் திறனுள்ள அனல் மின் நிலையம் 1970ஆம் ஆண்டு முதல் இயங்கி 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் 1994 முதல் இயங்கி வருகிறது. வல்லூரில் மற்றொன்று உள்ளது. சாம்பலும் புகையும் இவ்வூர் மக்களுக்கு. இருளும் இவர்களுக்கேயா என்று அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வியே. எனினும், நிலையத்தில் பிறக்கும் மின்சாரம் அருகிலுள்ள தெருவுக்கு நேரே வருவதில்லை. அது உயர் அழுத்தக் கம்பிகளில் ஏறி மாநிலம் முழுவதற்குமான பொதுத் தொகுப்பிற் கலந்து, துணைமின் நிலையம், டிரான்ஸ்பார்மர், கேபிள் ஆகியவற்றின் வழியாகவே இறங்கி வருகிறது. இவற்றுள் ஒன்று பழுதானாலும், புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே இருட்டில் இருக்கவேண்டியதுதான். 2024 செப்டம்பர் 12ஆம் தேதி இரவு மணலி துணைமின் நிலையத்தில் நேர்ந்த பழுதினால் சென்னையின் பல பகுதிகள் ஒருங்கே இருண்டதை யாவரும் அறிவோம்.

2012ஆம் ஆண்டில் இருந்த மின்வெட்டு வேறு வகையானது. அது உற்பத்திப் பற்றாக்குறையால் வந்தது. சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி என்று நேரம் குறித்து வெட்டினார்கள். வெளி மாவட்டங்கள் பட்ட பாடு அதனினும் பன்மடங்கு. ஆனால் குறித்த நேரத்துக்கு ஏற்ப வேலையை மாற்றிக்கொள்ள முடிந்தது. இப்போது நாம் காண்பது பெரும்பாலும் வழியில் நேரும் தடை. கோடை இரவுகளில் குளிர்சாதனங்கள் ஒருசேர ஓடி டிரான்ஸ்பார்மர் தாங்காமற் போகிறது. கடற்காற்றின் உப்பு இணைப்புகளை அரிக்கிறது. மழை நீர் தேங்கினால், உயிர்ச்சேதம் நேராதிருக்க அதிகாரிகளே மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். இவற்றுக்கு அட்டவணை கிடையாது. பராமரிப்புப் பணிக்காக முன்னறிவித்து நிறுத்தும் பகல் நேரங்கள் தனி. 2016 டிசம்பரில் வார்தா புயலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வந்தபோது, பல தெருக்களில் மின்சாரம் திரும்ப நாட்கள் ஆயின. வீட்டுப் பாட்டரி என்பது முதலிற் கூறிய ஓரிரு மணித் தடைக்கு உரிய சாதனமேயன்றிப் புயல் நாட்களுக்கு உரியதன்று. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டே மேலே படிக்க வேண்டுகிறோம்.

சில மாதங்களுக்கு முன், இப்பகுதியிலுள்ள ஒரு சிக்கன நாணயச் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். கடன் பேரேட்டைப் புரட்டுகையில், 'இன்வெர்ட்டர் வாங்க' என்று எழுதி வழங்கிய கடன்களிற் பல தவணை தவறிக் கிடந்தன. ஒரே நோக்கத்துக்கு வாங்கிய கடன்கள் இவ்வாறு ஒருங்கே தவறுவானேன் என்ற ஐயம் எழுந்தது. காரியதரிசியை அழைத்துக்கொண்டு சில வீடுகளுக்குச் சென்றோம்.

முதல் வீட்டில் பாட்டரி பதினான்கு மாதத்தில் இறந்துவிட்டது. கடனில் பத்துத் தவணைகள் மீதம் இருந்தன. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே தகடுகள் வெளியே தெரியும்படி நீர் வற்றிக் கிடந்தது. இணைப்பு முனைகளிற் பச்சை பூத்திருந்தது. அவ்வப்போது குழாய்த் தண்ணீர் ஊற்றியதாக அவ்வீட்டுப் பெரியவர் ஒளிக்காமற் கூறினார். வாங்கிய நாளில் எவரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் வீட்டில் நடந்ததைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். அங்கே நுரையீரல் நோயால் வருந்தும் ஒரு மூதாட்டியார் இருக்கிறார். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் யந்திரம் அவருக்கு இரவில் அவசியம். அதற்காகவே மகன் கடன் பெற்று இன்வெர்ட்டர் வாங்கினார். கடைக்காரர் 'நான்கு மணி நேரம் நிற்கும்' என்றார். ஒரு மே மாத இரவில், மாலை ஒரு முறையும் நள்ளிரவுக்கு முன் மறுமுறையும் மின்சாரம் நின்றது. யந்திரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடி, கூவிவிட்டு நின்றது. மகன் தாயாரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைந்தார். நல்ல வேளையாக உயிருக்கு ஆபத்தில்லை. 'கடைக்காரர் பொய் சொல்லிவிட்டார் ஐயா' என்று அவர் நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். கணக்கைப் போட்டுப் பார்த்தோம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மின்விசிறிக்கும் விளக்குக்கும் உள்ள கணக்கைச் சொன்னார். யந்திரத்தைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை.

அந்தக் கணக்கு யாதெனில், பாட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. குடம்போல் ஏந்தி வைக்கிறது. வீடுகளில் மிகுதியாக விற்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று எழுதிய பாட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1800 வாட்-மணி வரும். குடத்தைக் கவிழ்த்து வற்ற வைக்கும்போதெல்லாம் தகடுகளுக்குக் கேடு. ஆதலால் நெடுநாள் உழைக்க வேண்டுமானால் பாதியளவே எடுப்பது நல்லது. மீதம் 900. இன்வெர்ட்டர் தன் பங்காக ஆறில் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்று கொண்டால், கைக்கு வருவது 750. இந்த 750ஐ வீட்டில் ஒரே நேரத்தில் ஓடும் சாதனங்களின் மொத்த வாட்டினால் வகுத்தால், எத்தனை மணி என்பது கிடைக்கும். நான்காம் வகுப்பு மாணவன் போடக்கூடிய வகுத்தல் இது.

மூதாட்டியாரின் யந்திரம் 350 வாட். அறையில் பழைய மின்விசிறி 75 வாட். மொத்தம் 425. வகுத்தால் ஒன்றே முக்கால் மணி. அதிலும் இரண்டு குறைகள் சேர்ந்தன. பாட்டரியின் மேல் எழுதிய 150 என்பது இருபது மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தாற் கிடைக்கும் அளவு. விரைந்து இழுத்தால் குறைவாகவே தரும். மேலும், காலியான பாட்டரி மீண்டும் நிரம்பப் பத்து மணி நேரம் வரை ஆகும். மாலைத் தடையில் இறங்கியது நிரம்புமுன் இரவுத் தடை வந்துவிட்டது. இப்போது அவ்வீட்டில் மருத்துவரின் ஆலோசனைப்படி ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றும் நிரப்பி வைத்திருக்கிறார்கள். உயிர் காக்கும் கருவிக்குப் பாட்டரி ஒன்றையே நம்பியிருத்தல் கூடாது; மாற்று வழி ஒன்று வீட்டிலேயே இருக்கவேண்டும். இதை மட்டும் எந்த வாசகரும் மறந்துவிடலாகாது.

மூன்றாம் வீடு தையல் வேலை செய்யும் ஒரு சகோதரியாருடையது. அவர் தவணை தவறவில்லை. அவரிடத்திலும் அதே 150 ஆம்பியர்-மணிப் பாட்டரிதான். முன்பு இரண்டு மின்விசிறிகளும் இரண்டு பழைய குழல் விளக்குகளும் சேர்ந்து 230 வாட் இழுத்தன. மூன்றேகால் மணி நின்றது. போதவில்லை என்று இரண்டாவது பாட்டரிக்கு விண்ணப்பம் எழுதிவிட்டார். விலையைக் கேட்டு மலைத்தபின், தம்பியின் யோசனைப்படி பாட்டரியை விட்டுவிட்டு, 30 வாட்டில் ஓடும் புதுவகை மின்விசிறிகள் இரண்டும், 20 வாட் எல்.இ.டி. குழல்கள் இரண்டும் வாங்கினார். மொத்தம் 100 வாட். அதே பாட்டரி ஏழரை மணி நிற்கிறது. செலவு பாட்டரி விலையிற் பாதிக்கும் குறைவு. மின்சாரம் இருக்கும் நேரத்திலும் கட்டணம் குறைகிறது. குடத்தைப் பெரிதாக்குமுன் ஓட்டையை அடைக்கவேண்டும் என்பதை இந்தச் சகோதரியாரே நமக்குக் கற்பித்தார்.

இன்வெர்ட்டரிற் சேர்க்கக்கூடாதவை பல. இஸ்திரிப் பெட்டி, மிக்சி, வெந்நீர்க் கருவி ஆகியவை மிகுந்த வாட் இழுப்பவை. தண்ணீர் மோட்டார் அரைக் குதிரைச் சக்தியாயினும் கிளம்பும்போது பன்மடங்கு இழுக்கும். மின்சாரம் இருக்கும்போதே மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டால், அதைவிட மலிவான சேமிப்பு வேறில்லை. குளிர்ப்பெட்டியைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் குளிர் காக்கும். தையல் மோட்டாரும் மருத்துவக் கருவியும் உள்ள வீடுகளில் 'சைன் வேவ்' வகை இன்வெர்ட்டரே தகும். விலை குறைந்த மற்ற வகையில் மோட்டார் இரைந்து சூடேறும். கைத்தறிக்கு மின்சாரம் வேண்டியது வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மட்டுமே. விசைத்தறியையோ கிணற்று மோட்டாரையோ வீட்டுப் பாட்டரியில் ஓட்ட எண்ணும் அங்கத்தினர்கள் அந்த எண்ணத்தை இப்போதே கைவிடலாம்.

பராமரிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். பாட்டரிக்கு ஊற்றவேண்டியது வாலை வடிநீர்; கடையில் 'டிஸ்டில்டு வாட்டர்' என்று கேட்கவேண்டும். குழாய் நீரிலுள்ள உப்பும் இரும்பும் தகடுகளைக் கெடுக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மட்டத்தைப் பார்ப்பது போதும். கோடையில் மாதம் ஒரு முறை. அமிலத்தை நாமே ஊற்றலாகாது. கடற்காற்று வீசும் காசிமேடு, இராயபுரம், எண்ணூர் வீடுகளில், முனைகளைத் துடைத்து வாசலின் தடவி வைப்பது இரட்டிப்பு அவசியம். மின்னேற்றும்போது தீப்பற்றும் வாயு வெளிவருமாதலால், கட்டிலின் கீழும் அடுப்பின் அருகிலும் பாட்டரியை வைக்கக்கூடாது. வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடமே ஏற்றது. சூடு ஏற ஏறப் பாட்டரியின் ஆயுள் விரைந்து குறையும். அடர்த்திமானி ஒன்று கைவசம் இருந்தால், முழுதும் ஏறிய நிலையில் சுமார் 1.24 காட்டவேண்டும். லிதியம் வகைப் பாட்டரிக்கு நீர் வேண்டாம், எடையும் குறைவு, ஆயுளும் அதிகம். ஆனால் விலை மிகுதி, அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும்.

ஜெனரேட்டர் வைத்திருப்போர் இரண்டு ஆபத்துகளை அறிதல் வேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மூடிய அறையிலோ படிக்கட்டின் அடியிலோ ஓட்டினால் உறங்குபவர் உறக்கத்திலேயே இறப்பர். மற்றொன்று, ஜெனரேட்டரின் கம்பியைச் சுவர்ப் பிளக்கில் நேரே செருகுவது. அந்த மின்சாரம் வீட்டோடு நில்லாமல் தெருக்கம்பிக்குச் சென்று, டிரான்ஸ்பார்மரிற் பின்னோக்கி ஏறிப் பல்லாயிரம் வோல்ட்டாக மாறும். கம்பி செத்திருக்கிறது என்று நம்பி மேலே ஏறிய தொழிலாளி உயிரிழப்பார். நம் வீட்டு விளக்குக்காகப் பிறர் வீட்டு விளக்கை அணைக்கலாகாது. மாற்றுச் சாவி என்னும் 'சேஞ்ச் ஓவர்' சுவிட்சை உரிமம் பெற்ற மின்பணியாளர் வாயிலாகப் பொருத்திக்கொள்வதே முறை.

இதே காரணத்தினால்தான், மொட்டை மாடிச் சூரியத் தகடுகளும் சாதாரண அமைப்பில் மின்தடையின்போது தாமே நின்றுவிடுகின்றன. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் சூரிய வீட்டுத் திட்டத்தில் ரூ.78,000 வரை மானியம் உண்டு. மின்கட்டணம் குறைக்க அது நல்ல திட்டமே. ஆனால் மின்தடைக்கு மருந்து என்று கருதிச் சேர்ந்து, பின்னர் வருந்துவோரைக் கண்டிருக்கிறோம். பாட்டரியும் அதற்குரிய 'ஹைபிரிட்' இன்வெர்ட்டரும் சேர்ந்தாலன்றித் தடை நேரத்தில் பயன் தராது. குடிசை மாற்று அடுக்ககங்களிலும் பலகுடி வீடுகளிலும் வாழ்வோருக்கு மாடியே சொந்தமில்லை என்பதையும் திட்டம் வகுப்போர் நினைத்தல் நலம்.

பழைய பாட்டரியை வீட்டில் உடைப்பதும், தெருவில் வரும் வியாபாரிக்குக் கொடுப்பதும் கூடாது. அதிலுள்ள ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. புதியது வாங்கும் கடையிலேயே ஒப்படைத்து, அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டு ரசீது பெறலாம்.

நாம் ஆய்வு செய்த சங்கத்தின் நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டது. தவறிய தவணைகளுக்குக் கால நீட்டிப்பு வழங்கினார்கள். இன்வெர்ட்டர் கடனுக்குரிய விண்ணப்பத் தாளில் இரண்டு வரிகள் சேர்த்தார்கள்: வீட்டில் தடை நேரத்தில் ஓடவேண்டிய சாதனங்களும் அவற்றின் வாட்டும்; மருத்துவக் கருவி உண்டா, உண்டெனில் மாற்று ஏற்பாடு யாது. மின்விசிறி, விளக்கு மாற்றத்துக்கும் சிறு கடன் தரலாமெனத் தீர்மானித்தார்கள். அடர்த்திமானி ஒன்றைச் சங்கமே வாங்கியது. வாலை வடிநீர் கேன்களில் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குத் தருகிறார்கள். ஐ.டி.ஐ. படித்த அங்கத்தினர் மகன் ஒருவர் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை வீடுவீடாகச் சென்று மட்டம் பார்க்கிறார். ஒரு பாட்டரிக்குச் சிறு கூலி உண்டு. தையற்காரச் சகோதரியாரின் விண்ணப்பம், அவர் தம் கையால் அடித்துவிட்ட நிலையில், இன்னும் அக்கோப்பில் இருக்கிறது.