முதற்கதிர் வந்துவிட்டது

உயிர்த்த ஞாயிறும் இடம்பெயர்ந்த உழவரும்: வேதபாடம்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: 1 கொரிந்தியர் 15, யோவான் 20, எரேமியா 32

பெரும்போக வெட்டு முடிந்து, நெல் வீடு வந்து சேரும் காலத்தை அடுத்தே எமது கரையோரத்தில் உயிர்த்த ஞாயிறு வருகின்றது. சொந்த வட்டையில் வெட்டியவர்களுக்கு அது மனம் நிறைந்த காலம். வட்டையை விட்டு வந்து, பிறர் வயலில் கூலிக்கு வெட்டும் குடும்பங்களுக்கோ பழைய காயம் மீண்டும் வலிக்கும் காலம். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று ஆலயத்தில் பாடும்போது, “அவர் எழுந்தார், நாங்கள் இன்னும் விழுந்த இடத்திலேயே கிடக்கிறோமே” என்று ஒருவர் எண்ணினால் அது அவிசுவாசமல்ல. அது நேர்மையான கேள்வி. அந்தக் கேள்வியோடுதான் இப்பாடத்தை நாம் தொடங்குகின்றோம்.

புதிரும் முதற்பலனும்

கி.பி. 55 அளவில் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 15 ஆம் அதிகாரம் முழுவதும் உயிர்த்தெழுதல் பற்றியது. கேபா, பன்னிருவர், 500 க்கும் அதிகமான சகோதரர், யாக்கோபு என உயிர்த்த ஆண்டவரைக் கண்டவர்களை அவர் முதலில் வரிசைப்படுத்துகிறார். அவர்களில் பெரும்பாலானோர் அப்போதும் உயிரோடிருந்தனர். விரும்பியவர் போய் விசாரிக்கலாம். அதன்பின் 20 ஆம் வசனத்தில், கிறிஸ்துவை மரித்தோரின் முதற்பலன் என்கிறார்.

இது உழவரின் சொல். லேவியராகமம் 23 ஆம் அதிகாரத்தில், பஸ்கா வாரத்தின் சபத்துக்கு மறுநாள், அறுவடையின் முதற்கதிர்க்கட்டை ஆசாரியனிடம் கொண்டுவர வேண்டும் என்ற கட்டளை உண்டு. அது வாற்கோதுமை அறுவடைக் காலம். சபத்துக்கு மறுநாள் என்பது ஞாயிறு. கிறிஸ்து எழுந்ததும் சபத்துக்கு மறுநாள்தான். பவுலின் மனதில் இந்த வழக்கம் இருந்திருக்க வேண்டும்.

எமது ஊர்களில் புதிர் எடுப்பதை எண்ணிப் பார்ப்போம். விளைந்த வயலிலிருந்து ஒரு பிடி கதிரைக் கொய்து, புத்தரிசியைச் சமைக்கிறோம். அந்த ஒரு பிடி வயிற்றை நிரப்பாது. ஆனால் வயலில் நிற்பது பதரல்ல, நெல் என்பதை அது காட்டிவிடுகிறது. ஒரு பிடி முற்றியிருந்தால் வட்டை முழுவதும் முற்றி வருகின்றது. ஆகையால் கிறிஸ்துவின் உயிர்ப்பு அவர் ஒருவருக்கு மட்டும் நடந்த அற்புதமல்ல. அது பெரிய அறுவடையின் தொடக்கம். அவருக்கு நடந்தது, அவருடையவர்களுக்கும் நடக்கும். முதற்கதிர் வந்துவிட்டது, முழு வெட்டு இன்னும் வரவில்லை. நாம் வாழ்வது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்.

அயலவரின் நம்பிக்கை

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என எம்மைச் சூழ வாழும் முஸ்லிம் மக்களும் இறந்தோர் எழுப்பப்படும் மறுமை நாளை நம்புகின்றனர். இயேசுவின் காலத்து யூதர் பலரும் அவ்வாறே நம்பினர். லாசரு இறந்தபோது, கடைசி நாளில் அவன் எழுந்திருப்பான் என்பது தனக்குத் தெரியும் என்றே மார்த்தாள் சொன்னாள் (யோவான் 11:24). ஆகவே இறந்தோர் எழுவர் என்பதில் நாமும் அயலவரும் தூரத்தில் இல்லை.

எமது விசுவாசம் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. கடைசி நாளுக்குரிய அந்தக் காரியம், காலத்தின் நடுவிலேயே, ஒருவரில் தொடங்கிவிட்டது என்று நாம் அறிக்கையிடுகிறோம். ஈஸா நபியை மதிக்கும் எமது அயலவர் அவர் சிலுவையில் மரித்ததை ஏற்பதில்லை. இந்த வேறுபாட்டை மூடி மறைக்கவும் வேண்டாம். அதைவைத்து வேலிச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். எமது நம்பிக்கை இன்னதென்று தெளிவாக அறிந்தவன் அயலவனுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

உடல் வீசி எறியப்படுவதல்ல

கொரிந்து கிரேக்கரின் நகரம். ஆன்மா உயர்ந்தது, உடல் வெறும் கூடு என்ற எண்ணம் அங்கு பலரிடம் இருந்தது. அதனால்தான் உடல் எழும் என்ற செய்தி சபையிலுள்ள சிலருக்கே இடறலாயிற்று. பவுல் அவர்களுக்கு விதையைக் காட்டிப் பதில் சொல்கிறார். மண்ணில் இட்ட விதை அப்படியே வெளியே வருவதில்லை. ஆனால் நெல் விதைத்தால் நெல்தான் முளைக்கும். எழும் உடல் புதியது. எழுபவரோ அதே ஆள்.

உயிர்த்த ஆண்டவர் சீடருக்குத் தம் கைகளையும் விலாவையும் காட்டினார். ஆணித் தழும்புகள் மறைந்துபோகவில்லை. கடவுள் நடந்ததை நடக்காதது போல் துடைத்துவிடவில்லை. காயம்பட்ட அதே உடலையே மகிமைப்படுத்தினார். நாம் பட்டதை மறந்தால்தான் விசுவாசி என்று யாராவது சொன்னால் அது சுவிசேஷமல்ல.

இக்கரையிலே உடலின் பெறுமதியை நாம் கண்ணீரோடு கற்றவர்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 க்கும் அதிகமானோர் மாண்டனர். இன்னாருடைய பிள்ளை என்று அறிய முடியாமலே பல உடல்கள் புதைக்கப்பட்டன. பின்னர் கொரோனாக் காலத்தில், 2020 முதல், அந்நோயால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்ற விதி இருந்தது. தம் இறந்தோரை மண்ணில் அடக்கம் செய்யும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர் பலரும் அதனால் நொந்தனர். 2021 இன் முற்பகுதியில் அது மாற்றப்பட்ட பின்னரே ஓட்டமாவடியில் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. எரிந்த உடலையும் கடல் கொண்ட உடலையும் எழுப்பக் கடவுளால் முடியும், அதில் ஐயமில்லை. ஆனால் கடவுள் எழுப்பப் போகும் உடலை மனிதர் அவமதிக்கலாகாது. இறந்த உடலுக்கே இந்த மரியாதை உண்டென்றால், உயிரோடிருக்கும் உடலுக்கு உணவும் வீடும் நிலமும் வேண்டும் என்பது ஆவிக்குரிய காரியமல்ல என்று எப்படிச் சொல்ல முடியும்?

கதவடைத்த அறையில் சொன்ன முதல் வார்த்தை

உயிர்த்த அன்று மாலை, பயந்து கதவை அடைத்துக்கொண்டிருந்த சீடர் நடுவே ஆண்டவர் வந்தார். தம்மைக் கொன்றவர்களின் பெயர்களை அவர் சொல்லவில்லை. கைவிட்டு ஓடிய சீடரையும் கண்டிக்கவில்லை. சமாதானம் கூறினார். எபிரேயரின் ஷாலோம் என்ற அச்சொல்லும், எமது அயலவர் ஒழுங்கையில் சந்திக்கும்போது சொல்லும் ஸலாமும் ஒரே வேரில் பிறந்த சொற்கள்.

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250 க்கும் அதிகமானோர் மாண்டனர். சீயோன் ஆலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைச் சிறுவர் பலர். ஐந்து நாட்களின் பின், 26 ஆம் திகதி, சாய்ந்தமருதில் சுற்றிவளைக்கப்பட்ட வீட்டில் குண்டுகளை வெடிக்கவைத்ததில் ஆறு சிறுவர் உட்பட 15 பேர் இறந்தனர். அந்த வீட்டுக்கு வந்தவர்கள் மேல் சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. இதை எமது பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். ஒரு சிலர் செய்த பாவத்தை ஒரு சமூகத்தின் மேல் ஏற்றினால், கல்லறையை நாமே திரும்பவும் மூடியவர்களாவோம்.

இது புதிய சோதனையுமல்ல. 1990 ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரும், ஏறாவூர் மக்களும், வீரமுனை ஆலயத்தில் தஞ்சம் புகுந்த தமிழரும் கொல்லப்பட்டனர். அக்காலத்தில் தமிழ் உழவரும் முஸ்லிம் உழவரும் ஒருவர் ஊரைத் தாண்டி மற்றவர் வயலுக்குப் போக அஞ்சினர். பழிக்குப் பழி எந்த வட்டையையும் விளைவிக்கவில்லை. சமாதானம் என்பது நீதியைக் கேட்காதிருப்பதல்ல. தழும்பைக் காட்டிய கையே சமாதானமும் கூறிற்று. உண்மையைச் சொல்வோம், நீதியைக் கேட்போம், பழியைக் கடவுளிடம் விட்டுவிடுவோம்.

எரேமியா வாங்கிய உறுதி

பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருந்த நாளில், காவலில் இருந்த எரேமியா ஆனதோத்திலுள்ள வயலை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். பகைவர் கையிலுள்ள காணிக்கு யார் காசு கொடுப்பார்? அவரோ சாட்சிகளை வைத்து உறுதி எழுதி, அது நெடுநாள் கெடாமலிருக்க மட்பாண்டத்தில் வைக்கச் செய்தார். பின்னர் அவரும் இடம்பெயர்ந்தவரானார். மனமில்லாமலே எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்த வயலில் அவர் ஏர் பூட்டியதாக வேதத்தில் எங்கும் இல்லை. ஆயினும் அவர் ஏமாறவில்லை. மக்கள் ஒரு நாள் திரும்பினார்கள்.

எமது பேச்சில் உறுதி என்றால் காணிப் பத்திரம். உறுதி என்றால் தளராத நம்பிக்கையும்தான். கிறிஸ்துவின் உயிர்ப்பு எமக்கு இரண்டு பொருளிலும் உறுதி. வரும் போகத்தில் காணி கைக்கு வரும் என்று அது வாக்களிப்பதில்லை. அப்படிச் சொல்லி உங்களை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. ஆனால் மரணமும் அதற்குத் துணைபோகும் அநீதியும் கடைசிச் சொல் சொல்லப்போவதில்லை என்று அது எழுதிக் கொடுத்துவிட்டது. 15 ஆம் அதிகாரத்தைப் பவுல் பரலோகத்தை நோக்கிக் கைகட்டியிருக்கச் சொல்லி முடிக்கவில்லை. கர்த்தருக்குள் படும் பாடு வீணாகாது, ஆகவே உழைப்பில் பெருகுங்கள் என்றே முடிக்கிறார்.

ஆகையால் உயிர்ப்பை நம்பும் குடும்பம் சில காரியங்களைச் செய்யும். உறுதி, அனுமதிப்பத்திரம், வரிப் பற்றுச்சீட்டு, பழைய குடும்ப அட்டை ஆகியவற்றின் பிரதிகளை எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைக்கும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றிருந்தால், பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா என்று பிரதேச செயலகத்தில் விசாரிக்கும். வட்டையின் எல்லைகளையும் வாய்க்காலையும் அயற்காணிக்காரரின் பெயர்களையும் முதியோர் சொல்ல இளையோர் எழுதிவைப்பர். அந்த அயற்காணிக்காரர் முஸ்லிமாயிருந்தால் அவரோடு பேச்சை விடாதிருப்பர்; எல்லைக்கு நாளை அவரும் ஒரு சாட்சி. இருக்கும் சிறு வளவிலும் ஒரு பாத்தி கீரையாவது போடுவர். இவை சிறியவை. முதற்கதிரும் ஒரு பிடிதான்.

குழுவாகக் கலந்துரையாட

1. புதிர் எடுக்கும் வழக்கத்தை அறியாத எமது பிள்ளைகளுக்கு, கிறிஸ்து முதற்பலன் என்பதை எவ்வாறு விளக்குவோம்?

2. உயிர்த்த ஆண்டவர் தம் தழும்புகளை ஏன் மறைக்கவில்லை? எமது குடும்பத்தின் தழும்புகளைப் பற்றி வீட்டில் பேசுகிறோமா?

3. இறந்தோர் எழுவர் என்று நம்பும் முஸ்லிம் அயலவரோடு சேர்ந்து, இவ்வாண்டு எமது ஊரில் நாம் செய்யக்கூடிய ஒரு பொதுக் காரியம் எது? வாய்க்கால் துப்புரவா, கிணறு இறைப்பா, காணிப் பத்திரம் பற்றிய கூட்டமா?

4. எரேமியாவின் மட்பாண்டம் போல, எமது உறுதிகளை எங்கே வைத்திருக்கிறோம்? அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் பார்த்துவந்து சொல்லட்டும்.